பதினோரு நிமிடம் நின்ற சிவகிரி வண்டி

மறதியைப் பற்றி இருபத்தாறு வருடம் ஆராய்ந்தவன் என்ற ஒரே தகுதியில் இதை எழுதுகிறேன். விருப்ப ஓய்வு வாங்கி வீட்டுக்கு வந்த மறுவாரமே, "நரம்பியலுக்குப் புதுசா வந்திருக்கிற பிள்ளைகளுக்கு உங்க வெற்றிகளைப் பத்தி எழுதிக் கொடுங்க சார்" என்று மருத்துவக் கல்லூரியில் கேட்டார்கள். ஒரு வாரம் யோசித்துப் பார்த்தேன். தோல்விகள் வரிசையில் நின்று பெயர் கொடுத்தன. வெற்றி என்று தைரியமாகக் கைதூக்கியது ஒன்றுதான். அதிலும் என் பங்கு, கெடுக்கப் போனவன் கடைசி நேரத்தில் கெடுக்காமல் விட்டதுதான். ஆனாலும் அது முழு வெற்றி. அதனால் கூச்சமில்லாமல் சொல்கிறேன்.

தென்காசி ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில், கீழே உரக்கடை, மாடியில் எங்கள் நினைவாற்றல் ஆய்வுப் பிரிவு. யூரியா வாசனை தெரிந்தால் சரியான இடத்துக்கு வந்துவிட்டீர்கள் என்று நோயாளிகளுக்கு வழி சொல்வோம். வருகிறவர்களுக்குப் பன்னிரண்டு பக்கப் படிவம் ஒன்று உண்டு. இன்று என்ன கிழமை, இது எந்த மாதம், சாவி, மாங்காய், ரயில் என்று மூன்று சொல் சொன்னேனே, திருப்பிச் சொல்லுங்கள்; இப்படிப் போகும். அந்தப் படிவத்தை உருவாக்கியது நான். அதன்மேல் எனக்கிருந்த பெருமை, சிலருக்குப் பெற்ற பிள்ளைகள்மேல்கூட இருக்காது.

மதுரையில் எனக்குத் தொழில் கற்றுத் தந்த பேராசிரியர் ஒருவர் இருந்தார். அவரிடம் படிவம் கிடையாது. நோயாளியின் வீட்டாரை உட்காரவைப்பார். பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகுவார். "நேத்து காலையில கண்ணு முழிச்சதுல ஆரம்பிச்சு, படுக்கப் போனது வரைக்கும் சொல்லுங்க" என்பார். அவ்வளவுதான் அவருடைய ஆய்வுமுறை. பல் தேய்த்தது, பால்காரர் வந்தது, மருமகளோடு மனஸ்தாபம், எல்லாம் வரும். நாங்கள் பின்னால் நின்று கால் மாற்றிக் கால் மாற்றித் தவிப்போம். தென்காசிக்கு வந்து சொந்தப் படிவம் போட்டதும் நான் செய்த முதல் சீர்திருத்தம், அந்தக் கேள்வியை எடுத்தது. நேரம் பிடிக்கிறது, மதிப்பெண் போட முடியவில்லை.

இனி மைதீன் பாய்.

கடையநல்லூர்க்காரர். தென்காசிப் பேருந்து நிலையத்தில் தனியார் பேருந்து முதலாளிகள் சேர்ந்து வைத்திருந்த டைம்கீப்பர். கழுத்தில் விசில், கையில் கடிகாரம். எந்த வண்டி எத்தனை மணிக்கு வரும், எத்தனைக்குக் கிளம்பும், எந்த ஊரில் எத்தனை நிமிடம் நிற்கும் என்பதெல்லாம் தலைக்குள். ஒரு நிமிடம் முன்னால் போனால் அடுத்த வண்டிக்காரனின் ஆட்களை அள்ளிக்கொண்டு போய்விடுவான். ஒரு நிமிடம் பின்னால் போனால் இவன் வண்டி காலியாக ஓடும். அதனால் அந்த விசிலுக்குத் தென்காசியில் கோர்ட் உத்தரவுக்கு இல்லாத மரியாதை இருந்தது.

முதல் தடவை வந்தபோது, பாய்க்கு அறுபத்தாறு வயது. ஆட்களின் பெயர் சட்டென்று வருவதில்லை, கடைக்குப் போனால் எதற்கு வந்தோம் என்று நிற்கிறார். மனைவி ஜொஹரா அம்மாதான் கூட்டி வந்திருந்தார்.

"இவுகளுக்கா மறதி, டாக்டரய்யா? எங்க மவன் அன்சர் மொதமொதல்ல சார்ஜாவுக்குப் போற அன்னைக்கு, செங்கோட்டை வண்டியப் புடிக்கப் பெட்டியத் தூக்கிட்டு ஓடி வாரான். ஒரே ஒரு நிமிசம் பிந்திட்டு. இவுக பெத்த புள்ளையக் கண்ணால பாத்துக்கிட்டே விசில் அடிச்சு வண்டிய அனுப்பிட்டாக!"

"வண்டியில இருந்த அம்பது பேரும் ஒருத்தன் பெத்த புள்ளதான" என்றார் பாய்.

"கேட்டீகளா? இன்னைக்கும் அவன் போன்ல அதத்தான் சொல்லுதான்."

படம் எடுத்தோம், ரத்தம் பார்த்தோம். வயதுக்குச் சற்றுக் கூடுதலான மறதி, ஆரம்ப நிலை. அந்தக் கணிப்பு சரிதான். இன்றைக்கும் அதை மாற்றச் சொல்ல மாட்டேன். இரண்டு வருடத்துக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருந்ததால் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அதையும் குறித்துக்கொண்டேன். ஆய்வில் சேர்த்தேன். மாதம் ஒரு தடவை வரச் சொன்னேன். கிளம்பும்போது ஜொஹரா அம்மா வாசலில் நின்று ஏதோ கேட்டார். நான் அடுத்த நோயாளியின் படிவத்தைப் பார்த்தபடியே ஏதோ சொன்னேன். இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

அடுத்த இரண்டு மாதத்தில் பாய் சரிந்தார். ஜூனில் மூன்று சொல்லில் இரண்டைச் சொன்னவர், ஜூலைக் கடைசியில் ஒன்றைச் சொன்னார். ஆகஸ்டில் என்னிடமே, "சாவியா? எந்தச் சாவி?" என்று கேட்டுவிட்டு நாற்காலியிலேயே கண்ணயர்ந்தார். நடுவில் ஒரு நாள் பேருந்து நிலையத்தில் சிவகிரி வண்டி பதினோரு நிமிடம் நின்றிருக்கிறது. டிரைவர் ஹாரன் அடிக்கிறார், பின்னால் வந்த வண்டிக்காரன் இறங்கிச் சண்டைக்கு நிற்கிறான், பாய் விசிலை உள்ளங்கையில் வைத்து இது என்ன பொருள் என்பதுபோலப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். சாயங்காலமே முதலாளிகள் மரியாதையாக ஒரு சால்வை போர்த்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். கோடு வரைந்தேன். அவருடைய மதிப்பெண்களைப் புள்ளி வைத்து இணைத்தால் அவ்வளவு அழகான இறக்கம். சென்னைக் கருத்தரங்கில் காட்ட இப்படி ஒன்றைத்தான் பல வருடமாகத் தேடிக்கொண்டிருந்தேன். அதற்கு வண்ணம்கூடத் தேர்ந்தெடுத்துவிட்டேன், கருநீலம். இரண்டு மாதத்தில் இப்படி விழுகிற நினைவு சாதாரண மறதி நோய் அல்ல, வேறு எதையாவது தேடு என்பது இரண்டாம் வருட மாணவனுக்குத் தெரியும். எனக்கு இருபது வருட அனுபவம் இருந்ததால் தெரியவில்லை.

விழுந்தாரா, தலையில் அடி பட்டதா என்று கேட்காமல் இல்லை. படிவத்தின் நான்காம் பக்கத்தில் அந்தக் கேள்வி இருக்கிறது. மூன்று தடவையும் "இல்லை" என்றார் ஜொஹரா அம்மா. மூன்று தடவையும் அவர் சொன்னது உண்மை.

ஆகஸ்ட் மூன்றாம் வாரம் அன்சர் சார்ஜாவிலிருந்து பத்து நாள் விடுப்பில் வந்திறங்கினான். அம்மா ஒருத்தியால் முடியவில்லை, வாப்பாவைக் கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு பராமரிப்பு இல்லத்தில் சேர்த்துவிடலாம் என்று ஏற்பாடு. வண்டி மறுநாள் காலை. குணமாகாது என்று முந்தின நாளே அவனிடம் போனில் சொல்லியிருந்தேன். இனி என்னிடம் வேண்டியது இல்லத்தின் விண்ணப்பத்தில் ஒரு கையெழுத்து: நோய் குணமாகக் கூடியதல்ல, வீட்டில் வைத்துப் பார்க்க இயலாது.

மூன்று பேரும் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். பாய் நடுவில், தலை கவிழ்ந்து. இடது காலில் செருப்பு இல்லை. ஜொஹரா அம்மா குனிந்து அதை மாட்டிவிட்டார்.

"இந்த ஒத்தச் செருப்பு மட்டும் கழண்டு கழண்டு போயிருது. வாசல்ல ரெண்டு தடவ தேடிட்டேன்" என்றார், யாரிடம் என்றில்லாமல்.

நான் அதைக் கேட்டேன், பார்த்தேன், விண்ணப்பத்தைப் புரட்டினேன். இதுதான் உங்கள் பெரியவர்களின் லட்சணம், பார்த்துக்கொள்ளுங்கள்.

விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு பெரிய கட்டம் இருந்தது. 'இவருடைய ஒரு நாள் எப்படிப் போகும்? காலை எழுவதிலிருந்து எழுதவும்.' எத்தனை மணிக்குக் காபி, எப்போது குளியல் என்று இல்லத்துக்காரர்களுக்குத் தெரிய வேண்டுமல்லவா? மதுரைப் பேராசிரியரின் கேள்வி, நான் என் படிவத்திலிருந்து வெட்டி எறிந்த கேள்வி, ஒரு முதியோர் இல்லத்தின் விண்ணப்பத்தில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"காலையில எத்தனை மணிக்கு எந்திரிப்பாரும்மா?"

"அஞ்சுக்கு நாந்தான் எழுப்பி விடுதேன். எந் தம்பி கூட்டிட்டுப் போயிருவான்."

"எங்க?"

"குளிக்கத்தான். அருவிக்கு."

பேனா நின்றது. "எந்த அருவிக்கு?"

"ஐந்தருவிக்கு. நாப்பது நாள் விடாமக் குளிச்சா மறதி போயிரும்னு நேத்திக்கடன் மாதிரி செஞ்சுட்டு வாரோம். இன்னைக்கி முப்பத்தேழு. மூணு நாள் பாக்கி இருக்கு, முடிச்சுட்டுப் போவோம்லேன்னு சொல்லுதேன், இவன் கேக்க மாட்டேங்கான்."

"உம்மா, அதை விடு" என்றான் அன்சர்.

"விடாதீங்கம்மா. அருவியில எவ்வளவு நேரம்?"

"அரை மணி நேரம். தண்ணி நேரா உச்சியில விழுற எடமாப் பாத்து நிறுத்துவான். அதுக்கு முன்னாடி எண்ணெய் தேய்ப்பு. அங்கன ஒரு அண்ணாச்சி இருக்காரு, கைராசிக்காரரு. உச்சியில எண்ணெய வச்சு இப்பிடித் தட்டி எறக்குவாரு." சொல்லிவிட்டு என் மேசையில் இரண்டு உள்ளங்கையாலும் தட்டிக் காட்டினார். மேசையிலிருந்த பேனாக்கூடு துள்ளிக் கீழே விழுந்தது.

"தலையில அடி பட்டுச்சான்னு மூணு தடவை கேட்டேனேம்மா!"

"அடியா?" ஜொஹரா அம்மா உண்மையிலேயே திகைத்துப் போனார். "அருவித் தண்ணி எப்பிடி அடியாவும், டாக்டரய்யா?"

குற்றாலத்துச் சாரலில் வளர்ந்த எவரும் அதைத்தான் சொல்வார்கள். நானும் சொல்லியிருப்பேன். எங்கள் ஊரில் அருவி வைத்தியம்; அடி என்பது கல்லாலோ கம்பாலோ விழுவது. அந்தத் தண்ணீருக்கு அடியில், அந்தக் கைகளுக்கு அடியில், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிற அறுபத்தாறு வயதுத் தலை முப்பத்தேழு நாள் நின்றிருக்கிறது.

"யாரும்மா உங்களை அருவிக்குப் போகச் சொன்னது?" என்று கேட்டேன். குரலில் கொஞ்சம் அதிகாரம்கூட இருந்தது என்று நினைக்கிறேன்.

"நீங்கதான."

"நானா?"

"மொத நாளு வாசல்ல நின்னு கேட்டேன்லா? அருவியில குளிக்க வைக்கலாமா டாக்டரய்யான்னு. தாராளமாக் குளிக்கட்டும், மனசுக்கு நல்லதுன்னு சொன்னீகளே. மறந்துட்டீகளா?"

மறந்துவிட்டேன். நினைவாற்றல் ஆய்வுப் பிரிவின் தலைவர் மறந்துவிட்டார். அறையில் அன்றைக்கு மிக மோசமான மதிப்பெண் வாங்கியது மைதீன் பாய் அல்ல.

எழுந்து போய் பாயின் முன்னால் நின்றேன். "பாய், ரெண்டு கையையும் நீட்டுங்க. உள்ளங்கை மேல பாக்கட்டும். கண்ணை மூடிக்கிடுங்க." வலது கை நின்றது. இடது கை மெல்லத் திரும்பி, தூக்கம் வந்த குழந்தையின் தலைபோலக் கீழே சாய்ந்தது. அந்தக் கால் ஏன் செருப்பை விட்டுவிட்டது என்று அப்போதுதான் புத்தியில் ஏறியது. அரை நிமிடச் சோதனை. இரண்டு மாதமாக நான் அதைச் செய்யவில்லை. கிழமை கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஸ்கேன் எடுக்கும் இடம் இரண்டு தெரு தள்ளி. படம் வந்தது. இடது கை காலை ஆள்கிற வலப்பக்கத்தில், மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவே, பழைய ரத்தம் தேங்கி மூளையை ஒருபக்கமாகத் தள்ளிக்கொண்டிருந்தது. ஜொஹரா அம்மா எட்டிப் பார்த்தார்.

"பிறை மாதிரியில்லா இருக்கு."

"பிறையேதான்மா. இதைக் கண்டதுக்கு சந்தோசப்படணும்."

அன்சர் சந்தோஷப்படவில்லை. திருநெல்வேலிக்குக் கொண்டுபோய் மண்டையில் சிறு துளையிட்டு ரத்தத்தை வடிக்க வேண்டும், இன்றைக்கே என்று நான் சொன்னதும் அவன் முகம் மாறியது.

"நேத்து போன்ல குணமாகாதுன்னு சொன்னீங்க. இன்னைக்கி மண்டையில ஓட்டை போடணும்னு சொல்லுதீங்க. ஏற்கனவே ஒண்ணும் தெரியாமக் கெடக்க மனுசன எதுக்கு சார் போட்டுப் படுத்தணும்? நான் எதை நம்ப?"

நீங்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். என் நாக்கில் தயாராக ஒரு வாக்கியம் இருந்தது: 'புதுசா ஒரு சிக்கல் வந்திருக்கு.' நமது தொழிலில் மிக வசதியான வாக்கியம் அது. யார்மேலும் பழி விழாது. பொய்யும் அல்ல. ஆனால் அதைச் சொன்னால் அவன் காதில் எப்படி விழும்? தீராத நோயின்மேல் இன்னொரு நோய். அவன் வாப்பாவைக் கோயம்புத்தூர் வண்டியில்தான் ஏற்றுவான். அதில் தப்பும் இருக்காது. என் மானத்தைக் காப்பாற்றும் வாக்கியம், பாயைக் கொன்றுவிடும்.

"நேத்து சொன்னவன் தப்பாச் சொன்னான், அன்சர்" என்றேன். "ரெண்டு மாசமாத் தப்பாச் சொல்லிட்டு இருந்தான். வாப்பா இப்படிக் கெடக்கது மறதி நோயால இல்ல. இந்த ரத்தத்தால. இதை நான் முன்னாடியே பாத்திருக்கணும், பாக்கல. அருவிக்குப் போகச் சொன்னதும் நாந்தான். நேத்து சொன்னவன் கையில படிவம் இருந்துச்சு. இன்னைக்கி சொல்லுதவன் கையில படம் இருக்கு. நீ படத்தை நம்பு."

அவன் என்னைப் பார்த்தபடி நின்றான். அடிக்கப் போகிறான் என்றுதான் நினைத்தேன். அடித்திருந்தாலும் நாலாம் பக்கத்தில் குறித்திருப்பேன்.

"குணமாவுமா?"

"உறுதி சொல்ல முடியாது. ஆனா இப்ப வாசல் திறந்து இருக்கு. நாளைக்கு இருக்குமான்னு தெரியாது."

ஜொஹரா அம்மா எழுந்து முந்தானையை இழுத்துச் செருகினார். "ஏலே, தப்புப் பண்ணிட்டேன்னு வாயத் தொறந்து சொல்லுத டாக்டர நீ எங்கயாவது பாத்திருக்கியா? வண்டியக் கொண்டு வாலே."

கோயம்புத்தூருக்குப் பேசியிருந்த அதே வண்டி ஒரு நாள் முன்னதாகத் திருநெல்வேலிக்குக் கிளம்பியது. நானும் ஏறிக்கொண்டேன். ஆலங்குளம் தாண்டும்போது பாயை எழுப்புவது கடினமாகிவிட்டது. ஒரு கையால் அவர் தோளை உலுக்கிக்கொண்டே மறுகையில் போனைப் பிடித்து இதய மருத்துவரிடம் மாத்திரையை நிறுத்தச் சம்மதம் வாங்கினேன், அறுவை மருத்துவரை மேசையைத் தயாராக வைக்கச் சொன்னேன். பரிசோதனைக் கூடம் பக்கத்தில் இல்லாத நரம்பியல் நிபுணன் எவ்வளவு உபயோகமில்லாதவன் என்பதை அந்த ஒரு மணி நேரத்தில் தெரிந்துகொண்டேன். தோளை உலுக்குவதை மட்டும் நிறுத்தவில்லை.

அறுவை முடிந்த மூன்றாம் நாள் காலை வார்டுக்குள் போனபோது பாய் தலையில் கட்டோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சன்னலுக்கு வெளியே ரோட்டில் ஏதோ பேருந்து ஹாரன் அடித்தது.

"இது நம்ம பக்கத்து வண்டி இல்லியே" என்றார். "பாபநாசம் லைன்காரன். சவுண்டே சரியில்ல."

ஜொஹரா அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். அன்சர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

நான் படிவத்தை எடுக்கவில்லை. "பாய், சிவகிரி வண்டி எங்கெங்க நிக்கும்? கடையநல்லூர், புளியங்குடி, வாசுதேவநல்லூர்..."

"இருங்க டாக்டரே, இருங்க. தென்காசியில எடுத்தா இடைகால். அப்புறம் கடையநல்லூர். அங்க இருந்து சொக்கம்பட்டி. சொக்கம்பட்டிய விட்டுட்டு நேரா புளியங்குடிக்குப் போறீகளே, அந்தூர்க்காரன் வண்டி மேல கல்ல விட்டு எறியமாட்டான்? பொறவுதான் வாசு, சிவகிரி. ஒங்களுக்கு மறதி சாஸ்தி ஆயிட்டு போல. யாரையாவது போய்ப் பாருங்க."

வாழ்க்கையில் எனக்குச் சில விருதுகள் கிடைத்திருக்கின்றன. எதுவும் இந்தத் திட்டுக்குப் பக்கத்தில் வராது.

ஊருக்குத் திரும்பியதும் கருநீலக் கோடு போட்ட தாளைக் கிழித்தெறிந்தேன். சென்னைக் கருத்தரங்கில் அதற்குப் பதிலாக என் தவறைப் படமாகப் போட்டுக் காட்டினேன். தூங்குவதற்கென்றே கருத்தரங்குக்கு வரும் இரண்டு பெரியவர்கள்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பிறகு ஐந்தருவிக்குப் போய் அந்த எண்ணெய்க்கார அண்ணாச்சியைப் பார்த்தேன். முதலில் முறைத்தார். "முப்பது வருசமாத் தட்டுதேன். ஒருத்தன் குத்தம் சொன்னதில்ல." நான் ஸ்கேன் படத்தை வெயிலில் தூக்கிப் பிடித்துக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் பெரியவர்களின் தலையில் கை வைக்குமுன், "ரத்த மாத்திர எதும் போடுதீகளா?" என்று கேட்க ஆரம்பித்தார். ஆமென்றால் கால் கையோடு நிறுத்திக்கொள்வார். அடுத்த சீசனில், "கொஞ்ச நாளா ஒரு பக்கமா இழுத்து நடக்காரு, பாருங்க" என்று ஒருவரை மாடிக்கு அனுப்பியும் வைத்தார். அவருக்கும் பிறைதான். அவரும் பிழைத்தார். எங்கள் ஆய்வுப் பிரிவின் மிகக் கூர்மையான கண், அருவிக்கரையில் எண்ணெய்க் கிண்ணத்தோடு உட்கார்ந்திருக்கிறது.

படிவத்தின் முதல் பக்கத்தில் இப்போது ஒரே கேள்வி: நேற்றைய நாள் எப்படிப் போனது? அதற்கு மதிப்பெண் கிடையாது. மீதிப் பதினோரு பக்கத்தையும் நீங்கள் மறந்தாலும் மன்னிப்பேன்.

பாய்க்கு ஆட்களின் பெயர் இன்றைக்கும் சட்டென்று வராது. அந்தப் பழைய மறதி இருக்கிறது. அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். நான்கு மாதம் கழித்து முதலாளிகள் அவரைக் கூப்பிட்டுக் காலை நேரத்துக்கு மட்டும் விசிலைக் கொடுத்தார்கள். அன்சர் வாப்பாவை வீட்டிலேயே விட்டுவிட்டுச் சார்ஜாவுக்குத் திரும்பியிருந்தான்.

அந்த வாரம் எனக்குச் சிவகிரியில் ஒரு முகாம். கார் பட்டறையில் இருந்தது. பேருந்து நிலையத்துக்குள் நான் நுழையும்போது சிவகிரி வண்டி கிளம்பத் தயாராக நின்றது. கையில் பையோடு ஓடினேன். பாய் என்னைப் பார்த்துவிட்டார். முகம் மலர்ந்தது. கையை நெற்றிக்கு உயர்த்தி சலாம் வைத்தார். அதே கையை இறக்கிக் கடிகாரத்தைப் பார்த்தார். விசில் அடித்தார்.

வண்டி போயே போய்விட்டது.

நடைமேடையில் மூச்சு வாங்க நின்று சிரித்துக்கொண்டிருந்தேன். "ஒரு நிமிசம் பிந்திட்டீகளே, டாக்டரே" என்றார் பாய்.